பொழுதுபோக்கு: ஆகாயம் பார்ப்பது

1

போன வாரம் எங்கள் வீட்டில் சேமியா பாயசம். நாங்கள் ஆஸ்திரேலியக் குடிமக்களாகிப் பதினைந்து வருஷம் ஆனதற்காக லலிதா வைத்தாள். மெல்போர்னில் படிக்கிற மகள் ஹரிணி, கைப்பேசியில் ஒரு கங்காரு படம் அனுப்பி வைத்தாள். அவ்வளவுதான் கொண்டாட்டம். பாயசக் கிண்ணத்தோடு கொல்லைப்பக்கம் போய் டெலஸ்கோப்பின் உறையைக் கழற்றினேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற ஆம்பூர்ப் பையன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, சின்ன வயசிலிருந்தே இதில் ஆர்வமா அண்ணா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இந்த விஷயத்தில் ஏற்கனவே இரண்டு பொய் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது வேண்டாம்.

முதல் பொய்யை ஒரு படிவத்தில் எழுதினேன்.

குடியுரிமை வழங்கும் விழாவுக்கு முன்னால் ஊர் நகராட்சியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மேடையில் மேயர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துவாராம். அதற்காகப் பெயர், பிறந்த ஊர், வேலை, பொழுதுபோக்கு எல்லாம் எழுதித் தரவேண்டும். முதல் மூன்றையும் மளமளவென்று எழுதினேன். முனிரத்தினம், சித்தூர், மாவு மில்லில் ஃபிட்டர். நான்காவதில் பேனா நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துப் படிவங்கள் தகப்பன் பெயர் கேட்கும், சாதி கேட்கும், வருமானம் கேட்கும், உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கும். நீ சந்தோஷத்துக்கு என்ன செய்கிறாய் என்று எந்தப் படிவமும் என்னைக் கேட்டதில்லை.

லலிதா சமையல், தோட்டம் என்று எழுதிவிட்டாள். ஹரிணி, பள்ளிக்கூடத்தில் ஆடுகிற நெட்பால் என்று எழுதினாள். எனக்கு உண்மையான பொழுதுபோக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துன்னுட்டுத் தூங்குவது. அதை மேயர் மேடையில் படித்தால் நன்றாக இருக்காது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மழை வருமா என்று ஜன்னல் வழியாக மேலே பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதினேன்: ஆகாயம் பார்ப்பது.

மேயர் அதை வானியல் என்று மொழிபெயர்த்துவிட்டார். "மிஸ்டர் மூனி ரத்னம், வானியல் ஆர்வலர்" என்றதும் கூட்டம் கைதட்டியது. முனி என்று அவர்கள் வாயில் வராது. மூனி என்றுதான் வரும். அவர்கள் பாஷையில் அது கிட்டத்தட்ட நிலாக்காரன் என்கிற மாதிரி இருப்பதால், அந்தப் பொய்க்கு என் பெயரே சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது.

விழா முடிந்து டீ குடிக்கிற இடத்தில், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற உடுப்போடு ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெயர் நொரீன், என் வயதுதான் இருக்கும். ஊரில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் கழகம் ஒன்று இருக்கிறதாம், மொத்தம் ஒன்பது பேராம், பத்தாவது ஆளுக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை கண்காட்சி மைதானத்துக்கு வந்துவிடச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லலிதா சிரித்துக்கொண்டே வந்தாள். வாசலில் காரை நிறுத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, கவர்மென்ட் பேப்பர்ல பொய் எழுதியிருக்கீங்க. நாளைக்கு யாராவது வந்து செக் பண்ணா?"

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். விசா வாங்கி வந்தவர்களுக்கு அப்படி இருக்காது. வேலைச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், மார்பு எக்ஸ்ரே என்று நான்கு வருஷம் ஒவ்வொரு எழுத்தையும் பயந்து பயந்து எழுதியவர்கள் நாங்கள். சித்தூரைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததற்கே இரண்டு மாதம் பதில் சொன்னவன் நான். பொய்யை அழிக்க முடியாது. உண்மையாக்கிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

2

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சித்தூரிலிருந்து வேலூர் போகிற பாதையில், எல்லைக்கு ஆந்திரப் பக்கம் இருக்கிற கரும்புக் கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் எது முந்துகிறதோ அது. எங்கள் நைனாவுக்கு நான் படிக்கிற காலத்தில் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. அதுவும் பாதி நாள் ராத்திரி வேலை. அரசாங்கம் விவசாயக் கரெண்ட்டை முறை வைத்துத்தான் விடும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கரெண்ட் வருகிற நேரத்தில் மோட்டாரைப் போட்டு, மடை திருப்ப ஆள் வேண்டும். அந்த ஆள் நைனா.

நான் திருப்பதியில் பாலிடெக்னிக் படித்தேன். பாகாலா வழியாக ரயிலில் போவேன்; சந்திரகிரிக் கோட்டை தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றுவிட வேண்டியதுதான். திருப்பதியில் இருட்டியபின் மேலே பார்த்தால் மலைப்பாதை விளக்குகள் வரிசையாகத் தெரியும். அதற்கும் மேலே பார்க்க ஒன்று இருப்பதாக விடுதியில் யாரும் நினைத்ததில்லை. அப்போதுதான் ஊரைச் சுற்றிப் புதுப் புதுத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்தும் கம்ப்யூட்டர் வகுப்பும் முளைத்தன. நான் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கிருந்து சென்னை, அங்கிருந்து சிங்கப்பூர், கடைசியில் சிட்னியிலிருந்து ஆறு மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கிற இந்தக் கோதுமை ஊர். லலிதா நகரிக்காரி, தறி வைத்திருந்த குடும்பம். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் இந்த ஊர் அமைதி முதல் ஒரு வருஷம் அவளைத் தூங்கவிடவில்லை.

இங்கே தமிழர் சங்கத்தில் "ஆந்திராவா?" என்பார்கள். தெலுங்குச் சங்கத்தில் "அரவமா?", அதாவது தமிழா, என்பார்கள். நாங்கள் பொங்கலுக்கு ஒன்றிலும் உகாதிக்கு இன்னொன்றிலும் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

3

முதல் வெள்ளிக்கிழமையே மானம் போயிற்று. மைதானத்தில் காரின் பெரிய விளக்கு எரிய நுழைந்தேன். இருட்டிலிருந்து ஒன்பது பேரும் ஒரே குரலில், ரொம்ப மரியாதையாக, விளக்கை அணைக்கச் சொன்னார்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகுமாம். நான் அத்தனை பேருடைய இருபது நிமிஷத்தையும் ஒரே நொடியில் அழித்துவிட்டேன். அவர்களிடம் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்தான் இருந்தது.

நொரீன் வடக்கே கைகாட்டி, சட்டி தெரிகிறதா என்று கேட்டாள். நான் தரையில் சட்டியைத் தேடினேன். புத்தகங்களில் வேட்டைக்காரன் என்று எழுதியிருக்கிற ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தெற்கு நாடுகளில் தலைகீழாகத் தெரியும். அதன் இடுப்பும் வாளும் சேர்ந்து கைப்பிடி வைத்த சட்டி மாதிரி இருப்பதால் இந்த ஊரில் அதற்குச் சட்டி என்றே பெயர்.

எனக்கு எதுவும் தெரியாது என்பது பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் மேயரிடம் போய்ச் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் நானாக ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தேன். கிழக்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக, அசையாமல். நொரீனுக்கு ஃபோன் செய்தேன். அவள் வந்து, பார்த்ததும் சொல்லிவிட்டாள். அது எங்கள் மில்லின் தானியக் கோபுர உச்சியில் இருக்கிற விளக்கு. அதற்கு முந்தைய வாரம் ஏணி வைத்து ஏறி பல்பு மாற்றியவன் நான்தான்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவளுடைய டெலஸ்கோப்பில் சனியைக் காட்டினாள். சனி என்றால் எனக்கு நவக்கிரகச் சந்நிதியும் எள் விளக்கும்தான் தெரியும். ஏழரை வருஷம் ஆட்டிவைக்கிற ஆசாமி, சட்டைப் பொத்தான் அளவுக்கு, சுற்றி ஒரு வளையத்தோடு, சாதுவாக உட்கார்ந்திருந்தார். யாரோ கண்ணாடியில் ஒட்டிவைத்த படம் போல அவ்வளவு தெளிவு. நான் லென்ஸை விட்டு விலகவே இல்லை. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள்.

அதற்குப் பிறகு நான் வெள்ளிக்கிழமைகளில் போனது யாருக்கும் பயந்து இல்லை. ஊரைவிட்டுப் போன ஒருவர் விற்ற பழைய டெலஸ்கோப்பை வாங்கிக்கொண்டேன். நான் கணக்குப் போடுவதில்லை, படம் எடுப்பதில்லை, எத்தனை ஒளியாண்டு என்று கேட்டால் நிறைய என்பேன். சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு கொல்லைக்குப் போய், அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்பேன். மேகமாக இருந்தால் டீயை மட்டும் குடித்துவிட்டு வருவேன். ஒன்றும் கைக்கு வராத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வேலை. நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஒன்று கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

4

ஹரிணி ஆரம்பத்தில் சிவப்பு டார்ச் பிடிக்க வருவாள். பதினான்கு வயதானபோது அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்றபோது, தனக்கு அங்கே யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அது பொய்யும் இல்லை. தாத்தாவோடு அவள் பேசியதெல்லாம் ஃபோனில் "துன்னியா?" "ம்". அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் கழகத்தில் ஒரு குடும்ப மாலை வைத்தார்கள். அவரவர் முன்னோர்கள் வானத்தில் என்ன பார்த்தார்கள் என்று சொல்லவேண்டும். இந்த மண்ணின் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் வந்திருந்தார். பால்வீதியில் நட்சத்திரம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, நடுவில் இருக்கிற கறுப்புப் பகுதியைக் கவனிக்கச் சொன்னார். அங்கே ஓர் ஈமு கோழி நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஹரிணிகூட வாயைத் திறந்து பார்த்தாள். லலிதாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை என்பதால், வீட்டில் தனியாக விடமுடியாமல் மகளை இழுத்து வந்திருந்தேன்.

அடுத்தது மூனி என்றாள் நொரீன்.

என்னிடம் ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து முகங்கள் இருட்டில் காத்திருந்தன. என் நைனா ராத்திரி முழுக்க வயலில் வேலை செய்தவர் என்று ஆரம்பித்தேன். அதுவரை உண்மை. கைக்கடிகாரம் கிடையாது, நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் மணி சொல்வார், எந்த நட்சத்திரம் எங்கே வந்தால் மடை திருப்பவேண்டும் என்று அவருக்கு அத்துப்படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லும்போதே எனக்கே நன்றாக இருந்தது.

காரில் திரும்பும்போது ஹரிணி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பல மாதமாகப் பின்சீட்டில்தான் உட்காருவாள். தாத்தா அப்படிப்பட்டவர் என்று ஏன் தன்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டாள். பிறகு, தானும் ஊருக்கு வருவதாகச் சொன்னாள். அந்தப் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டுமாம், தாத்தா இருக்கும்போதே.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வருகிறாள். எனக்கு வாய் வரவில்லை.

5

டெலஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனோம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். குழாயைப் பார்த்ததும் முகம் மாறியது. நட்சத்திரம் பார்க்க என்றேன். அங்கேயே பொருத்திக் காட்டச் சொன்னார். பொருத்தினேன். அவர் குனிந்து, தூரத்தில் இருந்த தள்ளுவண்டி வரிசையைப் பார்த்தார். இந்த வகை டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

"என்ன சார், கவுந்து தெரியுது? ரிப்பேரா?"

வானத்தில் மேல் எது கீழ் எது என்று விளக்க ஆரம்பித்தேன். லலிதா என் காலை மிதித்தாள். ஆமாம் சார், ரிப்பேர்தான், ஊரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்றாள். ரிப்பேர் சாமானுக்கு என்ன வரி என்று அவர் அனுப்பிவிட்டார்.

ஊரில் நைனாவுக்கு இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருந்தது. சொந்த மோட்டார். கரெண்ட் மட்டும் அதே முறைதான். அம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் ஹரிணியின் கையைத் தொட்டுப் பார்த்து, எலும்பாக இருக்கிறாள் என்று லலிதாவைக் கோபித்துக்கொண்டாள்.

போகிக்கு மறுநாள் இருட்டியதும் மாடியில் டெலஸ்கோப்பை வைத்தேன். அந்த மாதம் வியாழன் கிரகம் உச்சியில் இருந்தது. பார்க்கிறவர்கள் குந்தி உட்கார்ந்து கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் தெருவே வந்துவிட்டது. ஹரிணி ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து உட்காரவைத்து, ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னாள். அவள் வாயில் வருகிற நான்கு தமிழ் வார்த்தையில் "பாரு" என்பது ஒன்று. அதை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டினாள். வியாழனும், அதன் பக்கத்தில் வரிசையாக நான்கு நிலவும் தெரிந்தன. அம்மா பார்த்துவிட்டு, "கோழியும் குஞ்சும் மாதிரி கீது" என்றாள்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா அதைக் கேட்டுவிட்டு, கோழியும் குஞ்சும் அது இல்லை, இது என்று கொஞ்சம் தள்ளிக் காட்டினார். கொத்தாக இருந்த கார்த்திகை நட்சத்திரங்கள். அவர்கள் வீட்டில் அதற்குப் பிள்ளல கோடி, குஞ்சுகளோடு இருக்கிற கோழி, என்று பெயராம். ஹரிணி ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து எழுதிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. ஒரு பெயராவது கிடைத்துவிட்டது.

நைனா மட்டும் மாடிக்கு வரவில்லை. கழுத்து வலி, நாளைக்குப் பார்க்கலாம் என்று கீழேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் அதையே சொன்னார்.

6

மூன்றாம் நாள் சாயங்காலம் ஹரிணி நோட்டும் பேனாவுமாக அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டு, தான் கேட்பதைத் தமிழில் சொல்லச் சொன்னாள். ராத்திரி வேலை செய்யும்போது தாத்தா எந்தெந்த நட்சத்திரத்தைப் பார்ப்பார், அதற்கெல்லாம் என்ன பெயர்?

கேட்டேன். நைனா சிரித்தார்.

"நட்சத்திரமா? அத்த எவன் பாத்தான்? கரும்புல தண்ணி கட்ற ஆளு தரையத்தான் பாத்துக்கினு நடக்கணும். மேல கீறது ஒண்ணும் எறங்கி வந்து கடிக்காது. கீழ கீறதுதான் கடிக்கும்."

பாம்பைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கரும்புக் காட்டில் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு இருக்கும்.

அம்மா முறத்தை வைத்துவிட்டு, "கடிச்சுதே, அத்த சொல்லேன்" என்றாள்.

நைனா அவளை முறைத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். நான் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்தபோது, ராத்திரி மடை திருப்பப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கணுக்காலில் போட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்திருக்கிறார். நான் பரீட்சை முடிந்து வந்தபோது காலில் கட்டு இருந்தது. மண்வெட்டி பட்டுவிட்டது என்றார்கள். நம்பினேன். அந்த இடது கால் இன்றைக்கும் கறுத்து, கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். சாய்த்து சாய்த்து நடப்பார். அது மண்வெட்டிக் காயம் என்றுதான் லலிதாவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏன் நைனா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பரீட்சைய உட்டுட்டு வந்துருப்ப. வந்து இன்னா பண்ணுவ? பாம்பு போயிடுச்சு."

ஹரிணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தமிழ் கொஞ்சம் புரியும்; தாத்தா பேசிய ஊர்ப் பேச்சில் அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பேனா திறந்திருந்தது. இரண்டு பாஷைக்கும் நடுவில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். தாத்தா ஏழு நட்சத்திரத்தின் பெயர் சொன்னார் என்று நான் சொன்னால் அதுவே நோட்டில் ஏறும். பெயர்கள்கூட வாயில் வந்து நின்றன. அவள் சந்தோஷமாக எழுதிக்கொள்வாள், காரில் முன்சீட்டிலேயே உட்காருவாள்.

நைனாவின் கால் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல், அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று கழகத்தில் நான் பேசியதெல்லாம் கட்டுக்கதை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் நோட்டை மூடிவிட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. தாத்தாவின் காலைக் காட்டச் சொன்னாள். நைனா வெட்கப்பட்டு வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, காலை நீட்டினார். அவள் அந்தக் கறுத்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். வலிக்கிறதா என்று என்னைக் கேட்காமல், அவரையே கேட்டாள். "வலி?"

"இல்லம்மா" என்றார் நைனா.

அன்று படுக்கப் போகுமுன் என்னிடம், நீ சொன்ன கதையைவிட இது நல்ல கதை, ஆனால் நீ சொன்னது பொய்தான் என்றாள். இரண்டுமே சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் என்னோடு அளந்துதான் பேசினாள். தாத்தாவோடு மட்டும், அந்த நான்கு வார்த்தை எட்டு வார்த்தையாகிக்கொண்டிருந்தது.

7

திரும்பி வந்தபின் முதல் வெள்ளிக்கிழமை, நொரீன் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். நைனாவின் நட்சத்திரங்களைக் கேட்க எல்லோரும் ஆவலாக இருந்தார்கள். ஹரிணியும் வந்திருந்தாள், தானாகவே. பிள்ளல கோடியை மட்டும் சொன்னேன். அது பக்கத்து வீட்டம்மாவுடையது என்றும் சொன்னேன். பிறகு கரும்புக்காட்டையும் விரியனையும், படிவத்தில் ஆரம்பித்த என் இரண்டு பொய்களையும் சொன்னேன்.

பொழுதுபோக்குப் பொய்யை முதல் ராத்திரியே கண்டுபிடித்துவிட்டதாக நொரீன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள்தான் கேட்டாள், அப்படியென்றால் உன் அப்பா மேலே பார்த்ததே இல்லையா என்று.

ஒரு தடவை பார்த்தார் என்றேன். நடந்தது இதுதான்.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள், எங்கள் மோட்டாருக்கு ராத்திரி முறை. ஏழரை மணிக்குக் கரெண்ட் வந்தது. நைனா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். அவரோடு ராத்திரியில் வயலுக்குப் போவது அதுதான் எனக்கு முதல் தடவை. சின்ன வயதில் எத்தனை முறை கேட்டும் அவர் கூட்டிப்போனதில்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது.

மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் வாய்க்காலில் வர ஆரம்பித்தது. வரப்பு ஒற்றை ஆள் நடக்கிற அகலம்தான். அவர் முன்னால், தடியால் தரையைத் தட்டிக்கொண்டே, டார்ச் வெளிச்சத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தார். பாதி வழியில் நின்றார். மாடியில் ஊரே வரிசையில் நின்று பார்த்ததே, அது இங்கிருந்து தெரியுமா என்று கேட்டார். தெரியும், நேர் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும் என்றேன்.

டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"நீ கீழ பாத்துக்கினு இரு" என்றார்.

என் செருப்பைச் சுற்றியும் அவர் வெறுங்காலைச் சுற்றியும் வெளிச்சத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே நின்றேன். புல் அசைந்தாலும் அங்கே திருப்பினேன். ஒரு தவளை குதித்ததும் வெளிச்சத்தை அதன் பின்னாலேயே ஓட்டினேன். தண்ணீர் எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் அசையவே இல்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "சரி, நட" என்றார். டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கழகத்தில் எல்லோரும் கேட்டார்கள், அவர் என்ன பார்த்தார், முகம் எப்படி இருந்தது என்று. எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.